பாரம் இழுத்துத் தேய்ந்த டீசல் டிரக் இன்ஜினைத் திருப்பிக் கட்டுவது: முழுமையான வழிகாட்டி

பல லட்சம் கிலோமீட்டர் டிரெய்லர் இழுத்த டீசல் இன்ஜினை இறக்கி, புது பிஸ்டன், ரிங், பேரிங் செட் போட்டு மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படிக் கட்டிய இன்ஜின் சீக்கிரமே மறுபடி ஸ்டாண்டுக்கு வருவதற்குப் பெரும்பாலும் சாமானின் தரம் காரணம் இல்லை. முதல் தடவை எது அதைத் தேய்த்ததோ அது வண்டியிலேயே இருக்கிறது. ஓட்டை விழுந்த ஏர் ஹோஸ், பாதி அடைத்த ரேடியேட்டர், ஒழுகும் நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முனை), பெரிய கியரிலேயே திணறத் திணற மேடு ஏற்றும் பழக்கம் என்று எதுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் கட்டினால் புது சாமானும் அதே வழியில்தான் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் பிரிப்பதும் பார்ப்பதும் அளப்பதும் நீளமாக இருக்கும். மாட்டுவது அதைவிடச் சுருக்கம்.

அளவுகளுக்கு எடுத்துக்காட்டாக கம்மின்ஸ் 6பிடி 5.9 லிட்டர் இன்ஜினை வைத்துக்கொள்கிறேன். டாட்ஜ் ராம் பிக்கப்பில் 1989 மாடலிலிருந்து வந்தது. லாரி, படகு, ஜெனரேட்டர் என்று எல்லா இடத்திலும் இருப்பதால் பலருக்கும் பழக்கமானது. வரிசையாக ஆறு சிலிண்டர், போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 102 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 120 மி.மீ., ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-5-3-6-2-4. இதில் லைனர் (சிலிண்டருக்குள் மாட்டும் தனி உறை) கிடையாது, பிஸ்டன் நேராக பிளாக்கிலேயே ஓடுகிறது. பெரிய லாரி இன்ஜின்கள் பலவற்றில் தண்ணீர் சுற்றி ஓடும் வெட் லைனர் இருக்கும். எங்கே வேலை மாறுகிறதோ அங்கே சொல்கிறேன். டார்க் (போல்ட்டை இறுக்கும் முறுக்கு அளவு), கிளியரன்ஸ் (இடைவெளி) எல்லாவற்றுக்கும் கடைசி வார்த்தை உங்கள் இன்ஜின் நம்பருக்கான சர்வீஸ் மேனுவல்தான். ஒரே பெயரில் வந்த இன்ஜினிலேயே வருடத்துக்கு வருடம் போல்ட்டும் கேஸ்கெட்டும் மாறியிருக்கும்.

இறக்குவதற்கு முன்

இன்ஜின் வண்டியில் இருக்கும்போது தரும் தகவலை, இறக்கிய பிறகு எங்கேயும் வாங்க முடியாது. அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு நாள் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

முதலில் ஆயில் சாம்பிள். சூடாக இருக்கும்போது எடுத்து லேபுக்கு அனுப்பினால், எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அறிக்கை வரும். சிலிக்கானும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து ஏறியிருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. ஈயம், தகரம், செம்பு ஏறியிருந்தால் பேரிங் கரைகிறது. சோடியம் அல்லது பொட்டாசியம் இருந்தால் கூலன்ட் கலக்கிறது. டீசல் கலந்து ஆயில் நீர்த்திருந்தால் நாசிலையோ பம்பையோ சந்தேகப்படுங்கள். இந்த ஒரு தாள் பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் காற்று. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. ஆனால் அது ஒரு குறிப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை. பிரீதர் குழாயில் (இன்ஜினின் உள்காற்றை வெளியே விடும் குழாய்) அளவு துளை வைத்த அடாப்டரை மாட்டி, தண்ணீர் மானோமீட்டரில் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று சுமையோடு பார்ப்பதுதான் சரியான முறை. டர்போவின் சீல் போனாலும், ஏர் கம்ப்ரஸர் உள்ள வண்டியில் அதன் ரிங் தேய்ந்தாலும் பிரீதரில் காற்று அடிக்கும். அந்த இரண்டையும் விலக்கிப் பார்க்காமல் ரிங் மேல் பழி போடாதீர்கள்.

அப்புறம் ஒவ்வொரு சிலிண்டராக கம்ப்ரஷனும் காற்றுக் கசிவும் பாருங்கள். நாசில் துளை வழியாக அழுத்தக் காற்று கொடுத்துக் கேட்டால், எங்கே போகிறது என்று காது சொல்லிவிடும். பிரீதரில் சத்தம் வந்தால் ரிங் அல்லது போர். ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு. சைலன்ஸர் பக்கம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது கிராக். ஆறில் ஒரு சிலிண்டர் மட்டும் மோசமாக இருந்தால் அது நாசில், வால்வு மாதிரி தனிப்பட்ட நோய். ஆறும் சமமாகக் குறைந்திருந்தால் வயது அல்லது தூசி.

ஆயில் பிரஷரை டேஷ்போர்டு முள்ளில் பார்க்காமல், தனி மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிலும் முழு வேகத்திலும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு, இறக்க வேண்டுமா என்ற கேள்வியே மாறலாம். ஹெட்டில் மட்டும் கோளாறு, ஆயில் பிரஷர் நன்றாக இருக்கிறது, பேக் கம்ப்ரஷன் இல்லை என்றால் டாப் ஓவர்ஹால் (ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்வது) போதும். மாறாக, கிராங்க் உடைந்து பிளாக்கில் ஓட்டை விழுந்திருந்தால் கட்டுவதைவிட வேறு பிளாக் தேடுவது நல்லது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இன்ஜின்தான் நம் விஷயம்.

இறக்குவது, பிரிப்பது

6பிடி மாதிரி இன்ஜின் சாமான் இல்லாமலே 400 கிலோவுக்கு மேல் கனக்கும். கிரேனின் கையை நீட்ட நீட்ட அதன் தாங்கும் திறன் குறையும். கையில் எழுதியிருக்கும் எடை எந்த நீளத்துக்கு என்று பார்த்துவிட்டுத் தூக்குங்கள். சாதாரண கார் இன்ஜின் ஸ்டாண்ட் இந்த எடைக்கு ஆகாது. தூக்கிய இன்ஜினுக்குக் கீழே கையோ காலோ போகவே கூடாது.

ஆயிலை வடித்ததும் பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு, எஃகு. ஒட்டாமல் பளபளப்பது பேரிங், பிஸ்டன் உலோகம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங் மேல்பூச்சைத் தாண்டித் தேய்ந்திருக்கிறது.

பிரிக்கும்போது ஒரே ஒரு விதி: எது எங்கே இருந்ததோ, எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ, அது தெரிய வேண்டும். புஷ் ராடு, டேப்பெட், ராக்கர், வால்வு எல்லாம் சிலிண்டர் நம்பரோடு அட்டையில் குத்தி வையுங்கள். கிராங்கைப் பிளாக்கோடு பிடிக்கும் மெயின் கேப்பும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கான்ராடின் கேப்பும், அந்தந்த பிளாக்கோடும் ராடோடும் சேர்த்து எந்திரத்தில் கடைந்தவை, ஒன்றை மாற்றி இன்னொன்றில் போட முடியாது. புது மாடல் ராடுகள் சிலவற்றில் கேப்பை அறுக்காமல் உடைத்தே பிரித்திருப்பார்கள். அந்த உடைந்த முகம் அதன் ஜோடியோடு மட்டும்தான் சேரும், அதைத் தரையில் முகம் குப்புற வைப்பதுகூடத் தப்பு. போன் கேமராவில் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துவிடுங்கள். வயரிங், பிராக்கெட், குழாய் வளைவு ஆகியவற்றுக்கு நினைவை நம்பவே வேண்டாம்.

பிஸ்டனை மேலே தள்ளும் முன் போரின் உச்சியில் படிந்த கார்பன் வளையத்தைச் சுத்தம் செய்யுங்கள். ரிங் தொடாத அந்த இடத்தில் படி மாதிரி விளிம்பு இருந்தால், விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் நன்றாகத் தட்டி நின்றால் போர் தேய்ந்துவிட்டது என்று அப்போதே தெரியும். ஆனால் எவ்வளவு என்பதை நகம் சொல்லாது.

பழைய சாமானைப் படிப்பது

பெரும்பாலான பட்டறைகளில் பழைய பேரிங் நேராகக் குப்பைக்குப் போகிறது. என்னைக் கேட்டால் இறக்கிய இன்ஜினில் மிகவும் மதிப்புள்ள சாமான் அதுதான்.

ஆறு கான்ராட் பேரிங்கின் மேல் பாதிகளையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வையுங்கள். அவற்றுக்குக் கீழே அதே வரிசையில் அடிப் பாதிகள். பக்கத்தில் மெயின் பேரிங்குகள். கான்ராடில் வெடிப்பின் அடியை வாங்குவது மேல் பாதி, மெயினில் வாங்குவது அடிப் பாதி. அதனால் அந்தப் பாதிகள் சற்று அதிகம் தேய்ந்திருப்பது இயல்பு. இப்போது வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் மங்கலான சாம்பல் நிறம் சமமாக இருந்தால் வயதான, ஆரோக்கியமான பேரிங். சுற்றுவாக்கில் மெல்லிய கோடுகளும், பொதிந்த கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் அழுக்கு ஆயில். ஓர் ஓரம் மட்டும் பளபளத்தால் ராடு வளைந்திருக்கலாம், ஜர்னல் (கிராங்கில் பேரிங் ஓடும் வட்டப் பகுதி) ஒரு பக்கம் மெலிந்திருக்கலாம். மெயினில் நடு பேரிங்குகள் மட்டும் செம்பு தெரியத் தேய்ந்து, இரண்டு ஓரத்து பேரிங்குகளும் நன்றாக இருந்தால் கிராங்க் வளைவையோ பிளாக்கின் மெயின் லைனையோ சரிபார்த்தே ஆக வேண்டும். கான்ராடில் ஆறு மேல் பாதியும் செம்பு தெரிய, அடிப் பாதிகள் புதிது போல இருந்தால், அது பாரம் இழுக்கும் வண்டிக்கே உரிய அடையாளம். குறைந்த சுற்றில் முழு டீசல் கொடுத்து இன்ஜினைத் திணற வைத்திருக்கிறார்கள். வேகம் குறைவாக இருக்கும்போது ஆயில் படலம் மெலிதாகிறது, வெடிப்பின் அழுத்தமோ உச்சத்தில் இருக்கிறது. இதற்கு மருந்து பேரிங் கம்பெனியை மாற்றுவது இல்லை, கியரைக் குறைப்பது.

பிஸ்டனும் பேசும். ஸ்கர்ட்டில் மேலும் கீழுமாக மெல்லிய கோடுகள், ரிங் முகம் முழுக்க மங்கிப்போயிருப்பது, மேல் ரிங்கின் பள்ளம் அகலமாகியிருப்பது எல்லாம் சேர்ந்து வந்தால் தூசி. அப்படியென்றால் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போ வரை ஒவ்வொரு கிளாம்ப்பையும் பிரித்து, ஹோஸின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஃபில்டருக்கு அப்புறம் உள்ள குழாயில் தூசித் தடம் தெரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். பிஸ்டன் பின் (pin) துளைக்கு இரண்டு பக்கமும் நான்கு மூலையில் உரசல் இருந்தால் அதிக வெப்பம். பிஸ்டன் தலையில் உள்ள கிண்ணத்தின் விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் எக்ஸாஸ்ட் வெப்பம் நெடுநேரம் எல்லை மீறியிருக்கிறது. தலையில் ஒரே இடத்தில் அரித்த பள்ளம் இருந்தால் அந்தச் சிலிண்டரின் நாசில் ஒழுகியிருக்கிறது.

வெட் லைனர் இன்ஜினில் லைனரை உருவியதும் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். பிஸ்டன் சாயும் பக்கத்தில் புழு அரித்தது போல் குழிகள் இருந்தால் கேவிடேஷன். லைனர் அதிரும்போது கூலன்டில் குமிழி உருவாகி உடைந்து உலோகத்தைப் பெயர்க்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றியதும், கூலன்டில் அதற்கான மருந்து தீர்ந்துபோனதும்தான் வழக்கமான காரணம்.

இந்தக் கட்டம் முடியும்போது ஒரு தாளில் "இந்த இன்ஜின் ஏன் தேய்ந்தது" என்று ஒரு வரி எழுத முடிய வேண்டும். எழுத முடியவில்லை என்றால் சாமான் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

அளவு எடுப்பது

பிளாக்கைக் கழுவி, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே அளக்க வேண்டும். சூடான பிளாக்கில் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. வெளி மைக்ரோமீட்டர், டயல் போர் கேஜ், டயல் இண்டிகேட்டர், ஸ்ட்ரெயிட் எட்ஜ், ஃபீலர் கேஜ் இவ்வளவும் வேண்டும்.

ஒவ்வொரு போரையும் மேல், நடு, அடி என்று மூன்று உயரத்தில், ஒவ்வொரு உயரத்திலும் பிஸ்டன் பின் (pin) திசையிலும் அதற்குக் குறுக்கிலும் அளந்தால் ஒரு சிலிண்டருக்கு ஆறு எண்கள். ஒரு சிலிண்டரில் குறுக்கில் மேலே 102.11, நடுவில் 102.05, அடியில் 102.03 என்று வந்தால் டேப்பர் (மேலுக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம்) 0.08 மி.மீ. மேல் உயரத்திலேயே பின் (pin) திசையில் 102.06 வந்தால் 0.05 மி.மீ. முட்டை வடிவம். தேய்மானம் எப்போதும் மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம், ஏனென்றால் அங்கே அழுத்தமும் வெப்பமும் உச்சம், ஆயில் குறைவு. எந்த ஒரு சிலிண்டர் எல்லையைத் தாண்டினாலும் 6பிடி-யில் போர் போட்டு (துளையைக் கடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போகவேண்டும். 0.5 மி.மீ., 1.0 மி.மீ. என்று இரண்டு அளவு வரும். பட்டறைப் பேச்சில் 20 தௌ, 40 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). முதல் தடவையிலேயே 40-க்குப் போகாதீர்கள், அடுத்த தடவைக்குச் சுவர் இருக்கட்டும். பிஸ்டன் கையில் வந்து, அதை அளந்த பிறகே போர் போடக் கொடுக்க வேண்டும். டப்பாவின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பிப் போர் போடக்கூடாது.

கிராங்கில் ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு திசையிலும் இரண்டு ஓரத்திலும் அளவெடுங்கள். எல்லைக்குள் இருந்து, கோடு விரல் நகத்தில் தட்டாமல் இருந்தால் பாலிஷ் போதும். இல்லாவிட்டால் 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் கிரைண்டிங்.

பிளாக்கின் மேல் முகத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து ஃபீலர் விட்டுப் பாருங்கள். வெட் லைனர் இன்ஜினில் லைனர் பிளாக்கைவிட எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பது உயிர் நாடி. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய சின்ன அளவுதான், ஆனால் அடுத்தடுத்த லைனர்களுக்குள் அது சமமாக இல்லாவிட்டால் பாரத்தில் முதல் மேட்டிலேயே ஹெட் கேஸ்கெட் போகும். லைனர் உட்காரும் படி அரித்திருந்தால் அதைக் கடைந்து ஷிம் போட வேண்டும், ஓ-ரிங்கை இறுக்கிச் சமாளிக்க முடியாது.

லேத் பட்டறையில்

பட்டறைக்குக் கொடுக்கும் முன் பிளாக்கில் உள்ள ஆயில் கேலரி (ஆயில் ஓடும் உள்வழி) பிளக், கோர் பிளக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிளக்கை வைத்துக்கொண்டு கெமிக்கலில் போட்டால் உள்ளே இருக்கும் உலோகத் தூள் வெளியே வராது. முதலில் கழுவல், அடுத்து கிராக் டெஸ்ட், அதற்கு அப்புறம்தான் எந்திர வேலை. இந்த வரிசை மாறினால், போர் போட்டு முடித்த பிளாக்கில் கிராக் தெரிந்து கூலி வீணாகும்.

போர் போடுபவரிடம் மூன்று விஷயம் பேசிவிடுங்கள். ஒன்று, மெயின் கேப்புகளை முழு டார்க்கில் மாட்டிவிட்டு, ஹெட்டுக்குப் பதில் டார்க் பிளேட் (ஹெட் போலவே இறுக்கும் தடித்த தகடு) போட்டு ஹோனிங் (கல்லால் போரின் உட்சுவரில் குறுக்குக் கோடு போடுவது) செய்ய முடியுமா? ஹெட் போல்ட் இறுகும்போது போர் சற்று நெளியும். பிளேட் போட்டு ஹோன் செய்த போர், இன்ஜின் கட்டிய பிறகும் வட்டமாக இருக்கும். இரண்டு, குறுக்குக் கோடுகளின் கோணம். கோடுகளுக்கு இடையே சுமார் 30 முதல் 50 டிகிரி வரை இருப்பது வழக்கம். மிகவும் படுத்த கோடு ஆயிலைத் தேக்கும், மிகவும் நிமிர்ந்த கோடு ஆயிலை வடித்துவிடும். மூன்று, கிராங்க் கிரைண்டிங்கில் ஜர்னல் ஓரத்து வளைவு. அந்த வளைவைக் கூர்மையான மூலையாக விட்டுவிட்டால் கிராங்க் அந்த இடத்தில்தான் உடையும். நைட்ரைடிங் செய்த கிராங்க் என்றால், கிரைண்டிங்கில் மேல் கடினப் படலம் போய்விடும், திரும்பச் செய்ய வேண்டும்.

ராடுகளின் வளைவு, முறுக்கு, சின்ன முனை புஷ், பெரிய முனை வட்டம் எல்லாம் சரிபார்த்து, ஆறின் எடையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பிளாக் திரும்பி வந்ததும், பட்டறைக்காரர் கழுவித் தந்திருந்தாலும் நீங்கள் மறுபடி கழுவ வேண்டும். டீசலோ பெட்ரோலோ ஹோனிங் தூளைக் கோடுகளுக்குள்ளிருந்து எடுக்காது. வெந்நீரும் சோப்புத் தூளும் விறைப்பான பிரஷும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்த்து, கேலரிகளில் நீண்ட பிரஷ் விட்டு, காற்றடித்து, துரு பிடிக்கும் முன் உடனே ஆயில் தடவி மூடி வையுங்கள். இந்த ஒரு மணி நேர வேலையைத் தவிர்த்த இன்ஜின், முதல் நாளிலேயே புது ரிங்கைச் சாணை பிடிக்க ஆரம்பித்துவிடும்.

ஹெட்

பாரம் இழுக்கும் இன்ஜினில் ஹெட் வெப்பத்தால் சாகிறது. இன்டேக் வால்வு சீட்டுக்கும் எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் நடுவில் உள்ள குறுகிய பாலத்தில்தான் கிராக் முதலில் வரும். கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள். காந்தத் தூள் சோதனையும், வெந்நீரில் பிரஷர் டெஸ்டும் வேண்டும், ஏனென்றால் சில கிராக் சூட்டில் மட்டும் திறக்கும்.

கைடு, சீட், வால்வு வேலை முடிந்ததும் வால்வு முகம் ஹெட்டின் மட்டத்திலிருந்து எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளவெடுங்கள். அதிகம் உள்ளே போனால் கம்ப்ரஷன் குறையும், போதாவிட்டால் பிஸ்டனில் தட்டும். ஹெட் முகத்தைக் கடைந்திருந்தால் நாசிலின் நுனி முன்பைவிட நீண்டு நிற்கும், அதற்கேற்ற வாஷரைத் தேர்ந்தெடுங்கள்.

இன்ஜினோடு சேர்ந்த மற்றவை

நல்ல இன்ஜின்கள் வீணாவது இங்கேதான். பேரிங் கரைந்த இன்ஜினின் ஆயில் கூலரை எவ்வளவு கழுவினாலும் அதன் தட்டுகளுக்கு நடுவில் உலோகம் தங்கும். புதிது போடுங்கள். ஆயில் பம்ப்பைப் பிரித்து அளந்து, கோடு விழுந்திருந்தால் மாற்றுங்கள். பிரஷர் ரிலீஃப் வால்வு சிக்காமல் நகர்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். டர்போவின் ஷாப்ட் ஆட்டத்தை அளக்க வேண்டும். பழைய டர்போ உடைந்திருந்தால் இன்டர்கூலருக்குள் துண்டுகள் இருக்கும்.

நாசில்களையும் பம்ப்பையும் டெஸ்ட் பெஞ்சில் பார்க்காமல் திருப்பி மாட்டவே கூடாது. ஒழுகும் நாசில் ஒன்று புது போரின் ஆயிலைக் கழுவி, ரிங் படியும் முன்பே அந்தச் சிலிண்டரைக் கெடுக்கும். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யுங்கள். தெர்மோஸ்டாட், ஹோஸ்கள் புதிது. ஃபேன் கிளட்ச் சூட்டில் பிடிக்கிறதா என்று பாருங்கள். வாட்டர் பம்ப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கட்டுவது

இந்தக் கட்டத்தில் தூசிதான் எதிரி. பக்கத்தில் கிரைண்டர் ஓடக்கூடாது.

பேரிங்கின் முதுகும் அது உட்காரும் இடமும் ஆயில் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும், ஆயில் உள்பக்கத்தில் மட்டும். மேல் பாதியின் ஆயில் துளை பிளாக் துளையோடு நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் குளிர்விப்பு நாசில்கள் அடைப்பில்லாமல், வளையாமல் இருக்கவேண்டும். பாரத்தில் பிஸ்டனைக் காப்பாற்றுவது அந்தப் பீய்ச்சல்தான். பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து ஒவ்வொரு பேரிங் கிளியரன்ஸையும் பாருங்கள், மைக்ரோமீட்டர் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு கேப்பையும் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். எந்தக் கேப்பில் இறுகுகிறதோ அங்கேயே நிறுத்திக் காரணம் தேடலாம். எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு தேடினால் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் டயல் கேஜ் வைத்து முன்பின் ஆட்டம்.

ரிங் கேப்பை (gap, ரிங்கின் இரு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி) பாக்கெட்டிலிருந்து எடுத்தபடியே நம்பாதீர்கள். ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலரால் அளக்க வேண்டும். டர்போ வைத்துப் பாரம் இழுக்கும் இன்ஜினில் மேல் ரிங் நிறைய சூடாகி நீளும். கேப் போதாவிட்டால் இரு முனையும் முட்டி, ரிங் உடைந்து போரைக் கிழிக்கும். சற்று அதிகமான கேப் செய்யும் கெடுதல் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. குறியிட்ட பக்கம் மேலே, மூன்று ரிங்கின் வாயும் 120 டிகிரி தள்ளித் தள்ளி. பிஸ்டன் தலையில் முன்பக்கம் என்று குறித்தது முன்னால் பார்க்க வேண்டும்.

டார்க் ரெஞ்ச் அளப்பது போல்ட்டின் இழுவையை இல்லை, உராய்வையும் சேர்த்துத்தான். அதனால் திரெட்டிலும் தலைக்கு அடியிலும் மேனுவல் சொன்ன ஆயிலைத் தடவாமல் இறுக்கினால், கிளிக் சத்தம் வரும், போல்ட் இறுகியிருக்காது. டிகிரி கணக்கில் இறுக்கும் போல்ட்டுகளை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தலாமா என்பதையும், நீளத்தை அளக்கும் கேஜையும் மேனுவலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் புது போல்ட்.

பிஸ்டன்கள் ஏறியதும், டி.டி.சி.யில் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) ஒவ்வொன்றும் பிளாக்கைவிட எவ்வளவு எழும்புகிறது என்று டயலில் எடுங்கள். பிளாக்கின் முகத்தைக் கடைந்திருந்தால் இந்த எண் கூடியிருக்கும், அதற்கேற்ற தடிமனில் ஹெட் கேஸ்கெட் வாங்க வேண்டும்.

6பிடி கட்டுபவர்களுக்கு ஒரு முக்கியமான இடம். முன்பக்க கியர் ஹவுசிங்கை நேராக உட்கார வைக்க ஒரு சின்ன எஃகு முளை இருக்கிறது. பல வருட அதிர்வில் அது தன் துளையிலிருந்து நழுவி வெளியே வந்து டைமிங் கியர்களுக்கு நடுவில் விழும். விழுந்தால் கியரோடு ஹவுசிங்கும் உடையும். பக்கத்து போல்ட்டின் அடியில் ஒரு தகட்டை வைத்து முளையின் வாயை மறைத்துவிட்டால் அது எப்போதும் வெளியே வராது. மூடி திறந்திருக்கும் இப்போதே செய்துவிடுங்கள். கியர் குறிகளை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்துப் படமும் எடுத்து வையுங்கள். டெஃப்லான் உதடு கொண்ட கிராங்க் சீல்களை ஆயில் தடவாமல், கிராங்கும் சீலும் உலர்ந்த நிலையில் மாட்ட வேண்டும். பழக்கதோஷத்தில் ஆயில் தடவினால் ஒழுகும். டேப்பெட் கிளியரன்ஸ் 12 வால்வு 6பிடி-யில் இன்ஜின் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.50 மி.மீ.

கேம் புதிது என்றால் டேப்பெட்டும் புதிது. பழைய டேப்பெட்டைப் புது கேமில் ஓட்டாதீர்கள்.

முதல் ஸ்டார்ட்

ஆயில் ஃபில்டரை நிரப்பி, முடிந்தால் வெளிப் பம்ப் வைத்துக் கேலரிக்குள் ஆயிலை அழுத்தி விடுங்கள். டர்போவின் ஆயில் குழாயைக் கழற்றி, அதற்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றுங்கள். பிறகு டீசலை நிறுத்தி வைத்து, கேஜில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்ற விடுங்கள். அப்புறமே டீசலைத் திறந்து ஏர் எடுக்க வேண்டும். காமன் ரெயில் (மிக அதிக அழுத்தத்தில் டீசல் செலுத்தும்) வண்டியில் இன்ஜின் ஓடும்போது எந்த டீசல் நட்டையும் தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

டர்போவின் காற்று வாயை முழுக்க மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையை ஒருவர் கையில் கொடுத்து நிறுத்துங்கள். ஏதோ காரணத்தால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுத்தால், சாவியை அணைத்தாலும் நிற்காமல் போகலாம். காற்றை மூடினால் மட்டும் நிற்கும். வெறும் கையால் மூடப் போகாதீர்கள்.

ஸ்டார்ட் ஆனதும் சில விநாடிகளில் பிரஷர் ஏறாவிட்டால் உடனே அணையுங்கள். ஏறினால் கசிவு, சத்தம், வெப்பம் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் ஐடிலிலேயே விட்டு ரசிக்க வேண்டாம். ரிங் போரில் படிய வெடிப்பு அழுத்தம் வேண்டும். சுமை இல்லாமல் ஓடினால் போர் கண்ணாடி மாதிரி மெருகேறி, பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் ஆயில் தின்னும்.

பாரத்துக்குத் திரும்புவது

முதல் நாட்களில் சிந்தடிக் ஆயில் வேண்டாம், மினரல் ஆயிலே நல்லது. முதல் சுமார் 800 கி.மீ. பெரிய டிரெய்லர் மாட்டாமல், ஆனால் மிதமான சுமையோடு, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போவதும், குறைந்த சுற்றில் திணற விடுவதும் இப்போது ஆகாது. அது முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். பளபளப்பான மெல்லிய தூள் கொஞ்சம் இருக்கும், அது ரிங் படிந்த அடையாளம். செதில் செதிலாக இருந்தால் நிறுத்திவிட்டு சம்ப்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்ற வேண்டும். டேப்பெட்டை மறுபடி பாருங்கள். ஹெட் போல்ட்டை மேனுவல் சொன்னால் மட்டும் தொடுங்கள்.

டிரெய்லர் மாட்டும் முன் எக்ஸாஸ்ட் வெப்பம், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), கூலன்ட் வெப்பம் மூன்றுக்கும் கேஜ் மாட்டிவிடுங்கள். எக்ஸாஸ்ட் கேஜின் முனை டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். நீண்ட மேட்டில் அது 700 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதையும் குறையுங்கள். மேடு ஏறி முடித்து நிறுத்தும்போது உடனே அணைக்காமல் மூன்று நான்கு நிமிடம் ஐடிலில் விட்டால் டர்போவின் ஆயில் கருகாது. பம்ப்பில் டீசலைக் கூட்டிவிடச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய வரும். இழுக்கும் வேலைக்குக் கட்டிய இன்ஜினில் கம்பெனி அளவைத் தாண்டாதீர்கள்.

இரண்டாவது ஆயில் மாற்றும்போது மறுபடி லேபுக்கு ஒரு சாம்பிள் அனுப்பி, இறக்குவதற்கு முன் எடுத்த அறிக்கையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிங் படியும் நாட்களில் இரும்பு சற்று அதிகம் வரும், அடுத்தடுத்த மாற்றங்களில் இறங்க வேண்டும். சிலிக்கான் இறங்காமல் அப்படியே நின்றால் ஏர் ஹோஸ்களிடம் திரும்பிப் போங்கள். மாட்டும்போது தடவிய சீலன்டிலிருந்தும் புது இன்ஜினில் கொஞ்சம் சிலிக்கான் வரும், அதனால் ஒரே அறிக்கையில் முடிவு செய்யாமல் மூன்றாவது சாம்பிளையும் பார்த்துவிட்டு ஃபில்டர் பெட்டியைப் பிரியுங்கள்.